தருக்கத்தைத் தமிழால் எழுதுதல்

(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தருக்கத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. இந்தியத் தருக்க நூல்களில் எதைத் திறந்தாலும் ஓர் எடுத்துக்காட்டு நம்மை எதிர்கொள்ளும்: ஒரு மலை, அதன்மேல் புகை, ஆகவே அங்கே நெருப்பு. நியாய மரபினரான நையாயிகரும் பௌத்தரும் சமணரும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள் இந்த மலையை மட்டும் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். 2668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை வைத்துத் தீபம் ஏற்றும் ஊர்க்காரர்களுக்கு அந்த மலையை நான் விளக்க வேண்டியதில்லை. கார்த்திகை தீபத்தன்று இரவு தேரடி வீதியில் நின்று சுடரைப் பார்ப்பது காண்டல். மறுநாள் பகலில் உச்சியில் புகையை மட்டும் பார்த்துவிட்டு, தீ இன்னும் எரிகிறது என்று சொன்னால் அது கருதல். கண்டதை ‘நீயே வந்து பார்’ என்று காட்டிவிடலாம். கருதியதை அப்படிக் காட்ட முடியாது. அதைப் படிப்படியாக எழுதிக் காட்டினால்தான் எதிரில் இருப்பவர் ஏற்கவோ மறுக்கவோ முடியும். அப்படி எழுதிக் காட்டும் முறையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்லூரியில் தருக்கம் படிக்கிறவர்கள் அதைக் குறியீடுகளில் படிக்கிறார்கள். 1879இல் ஜெர்மனியில் கோட்லோப் ஃபிரெகே எழுதிய ஒரு சிறு நூலில் அந்த வழி தொடங்கியது. பின்னால் இத்தாலியரான பியானோ ‘உண்டு’ என்பதற்குத் திரும்பி நிற்கும் ஒரு ரோமன் எழுத்தைக் குறியாக்கினார். 1935இல் தருக்க அறிஞர் கெண்ட்சன் ‘எல்லாம்’ என்பதற்குத் தலைகீழாக நிற்கும் இன்னோர் எழுத்தைக் கொடுத்தார். இந்தக் குறியீடுகள் இல்லாமல் இன்றைய கணினி அறிவியல் இல்லை. அவற்றின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். குறியீட்டில் எழுதிய ஒரு வாதத்தைப் பிழை என்று சொல்லும் தகுதி, அதைப் படிக்கப் பயின்ற சிலரிடம் மட்டுமே போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படி எழுதிய ஒரு விதி யார்மேல் விழுகிறதோ அவரால் அதைப் படிக்க முடிவதில்லை.

இதற்கு மாற்றாக உலகில் சிலர் வேறொரு வழியில் உழைத்துவருகிறார்கள். பேச்சுமொழியையே எடுத்துக்கொண்டு, அதன் சொற்களையும் வாக்கிய அமைப்பையும் கட்டுப்படுத்தி, ஒரு வாக்கியத்துக்கு ஒரே பொருள் என்று ஆக்கிவிடுவது. படிக்கிறவருக்கு அது சாதாரண மொழி. கணினிக்கு அது குறியீடு. சூரிச் பல்கலைக்கழகத்தில் 1995இல் தொடங்கிய ‘அட்டெம்ப்டோ’ திட்டம் ஆங்கிலத்தை இப்படி வரையறுத்தது. லண்டனில் தருக்க அறிஞர் ராபர்ட் கோவால்ஸ்கியும் அவருடைய தோழர்களும் 1981ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தைக் கணினித் தருக்கமாக எழுதி 1986இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து பின்னாளில் அவர் ‘தருக்க ஆங்கிலம்’ என்ற வரையறுத்த மொழியை உருவாக்கும் பணிக்கு வந்து சேர்ந்தார்.

இதைத் தமிழில் செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை. புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்லவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறேன்.

மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். கதைக்காகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிவிடும் பகுதி இது. ஆசிரியர்களே தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகரின் மரபைச் சேர்ந்த ‘நியாயப்பிரவேசம்’ என்ற வடமொழி நூலோடு வரிசை மாறாமல் ஒத்துப்போகும் ஒரு முழுத் தருக்கப் பாடம் அங்கே தமிழில், செய்யுளில் இருக்கிறது.

அங்கே வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் சொல்லப்படுகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். உடனே அடிகள், கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று மூன்றாகக் குறைத்துவிடுகிறார். குறியீட்டு முறை ஒன்றை அமைப்பவர் செய்யும் முதல் வேலையே இதுதான்: தேவைக்கு மேல் இருப்பதை நீக்குவது. மிஞ்சியதை இன்றைய உரைநடையில் எழுதிப் பார்ப்போம்.

பக்கம்: இந்த மலை நெருப்புடையது.
ஏது: புகையுடையது ஆதலால்.
திட்டாந்தம்: எது எது புகையுடையதோ அது அது நெருப்புடையது, கோயில் மடைப்பள்ளி போல. எது எது நெருப்பில்லாததோ அது அது புகையில்லாதது, ஏரி போல.

திட்டாந்தத்தில் இருக்கும் இரண்டு வாக்கியங்களையும் சற்று நேரம் பாருங்கள். முதல் வாக்கியத்தின் இரு பாதிகளையும் மறுத்து, இடம் மாற்றிப் போட்டால் இரண்டாவது கிடைக்கும். குறியீட்டுத் தருக்கத்தின் முதல் சில பாடங்களுக்குள் மாணவர் நிறுவிக் காட்ட வேண்டிய சமன்பாடு இது. இங்கே அது மடைப்பள்ளியாகவும் ஏரியாகவும் நிற்கிறது. அதோடு, ‘எது எது, அது அது’ என்ற இரட்டிப்பைக் கவனியுங்கள். கணிதத்தில் ஒரு மாறியை வைத்து, ‘அந்த மாறி எதுவாக இருந்தாலும், அதற்கு இந்தப் பண்பு இருந்தால், அதற்கே அந்தப் பண்பும் உண்டு’ என்று எழுதுகிறோம். அந்த மாறி செய்யும் வேலை முழுவதையும் இந்த இரட்டைச் சொல் செய்துவிடுகிறது. எங்கெங்கு, அங்கங்கு. எவர் எவர், அவர் அவர். எப்போதெப்போது, அப்போதப்போது. இடம், ஆள், காலம் என்று மாறியின் வகையைக்கூடச் சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பாட்டியிடம் சொன்னாலும் புரியும். கணினிக்குக் கொடுத்தாலும் குழப்பமில்லை.

திசை மாறினால் என்ன ஆகும் என்பதும் இதே எழுத்தில் தெரியும். ‘எது எது நெருப்புடையதோ அது அது புகையுடையது’ என்று யாராவது சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டினால் போதும். நெருப்பு உண்டு, புகை இல்லை. நையாயிகர் கையில் எப்போதும் இருக்கும் எடுத்துக்காட்டு இது.

மணிமேகலை சரியான வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் இடம் கொஞ்சம். தவறுகளுக்குக் கொடுக்கும் இடம்தான் அதிகம். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10, ஆக 33 போலிகள். ‘என் தாய் மலடி’ என்று ஒருவர் சொன்னால் பக்கமே தன்னைத் தான் அழித்துக்கொள்கிறது, அது பக்கப்போலி. மார்கழி விடியலில் அண்ணாமலையைச் சுற்றிப் படர்வது பனியா புகையா என்று ஐயம் தீராத நிலையில், அதை வைத்து நெருப்பு உண்டு என்று முடிவு கட்டினால் அது ஏதுப்போலி. ‘ஒலி அழியாதது, அறியப்படுவதால்’ என்றால் அதுவும் ஏதுப்போலிதான். அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு, அழியாத ஆகாயத்துக்கும் உண்டு. எந்தப் பக்கமும் சாயாத ஏதுவால் ஒன்றையும் நிறுவ முடியாது. ஒவ்வொரு தவறுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால், ‘நீ சொல்வது ஏனோ சரியாகப் படவில்லை’ என்று முணுமுணுப்பவர், ‘உன் ஏது இன்ன காரணத்தால் நிற்காது’ என்று நேர்நின்று சொல்ல முடிகிறது. எந்தக் குறியீட்டு முறைக்கும் நான் வைக்கும் முதல் தேர்வு இது: அதைக் கொண்டு ஒரு சாதாரண மனிதர் மறுத்துப் பேச முடிகிறதா?

இந்த மரபு காப்பியத்தோடு நின்றுவிடவில்லை. பெண்ணையாற்றுப் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தார். அவருடைய காலத்தைக் கணிக்க அறிஞர்கள் எடுத்துக்காட்டும் சான்றுகளில் 1232ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டும் ஒன்று என்பதை உங்களுக்கு மகிழ்ச்சியோடு நினைவூட்டுகிறேன். சிவஞானபோதத்தில் 12 சூத்திரங்கள், மொத்தமே 40 அடிகள். ஆனால் சூத்திரத்துக்குக் கீழே அவர் வகுத்துத் தரும் அமைப்பைப் பாருங்கள்: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. ஒவ்வொரு கருத்துக்கும் இந்த மூன்று தலைப்புகளும் மாறாமல் வருகின்றன. மேற்கோளை மறுப்பது ஒரு வேலை, ஏதுவை மறுப்பது வேறு வேலை. எதிர்வாதிக்கு எந்த இடத்தில் கைவைக்கலாம் என்று நூலாசிரியரே காட்டிவிடுகிறார். தன் சமயத்தின் அடிப்படை நூலை ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக, மறுப்புக்குத் திறந்து வைத்து எழுதியது பெரிய நெஞ்சுரம். 18ஆம் நூற்றாண்டில் அதற்கு மாபாடியம் என்ற பேருரை எழுதிய சிவஞான முனிவர், அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தையும் தமிழில் தந்தார். மாணவருக்கு முதலில் கருவி வேண்டும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இனி இலக்கணத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

‘மாடும் ஆடும் வந்தன’ என்கிறோம். ‘எல்லா மாடும் வந்தன’ என்கிறோம். முதலாவது எண்ணும்மை, இரண்டாவது முற்றும்மை. ‘மாடோ ஆடோ வந்தது’ என்கிறோம். ‘ஏதோ வந்தது’ என்கிறோம். இரண்டிலும் ஓகாரம். தருக்கத்தில் நான்கு அடிப்படைக் கருத்துகள் உண்டு: இதுவும் அதுவும், எல்லாம், இதுவோ அதுவோ, ஏதோ ஒன்று. ‘எல்லாம்’ என்பது முடிவில்லாமல் நீளும் ‘இதுவும் அதுவும்’. ‘ஏதோ ஒன்று’ என்பது முடிவில்லாமல் நீளும் ‘இதுவோ அதுவோ’. குறியீட்டுத் தருக்கத்தில் இந்த நான்குக்கும் நான்கு வேறு குறிகள். மாணவர் அவற்றுக்கிடையே உள்ள உறவைத் தனியே கற்க வேண்டும். தமிழில் உம் என்ற ஓர் இடைச்சொல் முதல் இரண்டையும், ஓ என்ற இன்னோர் இடைச்சொல் அடுத்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. மலையாளத்திலும் இதே அமைப்பு உண்டு, மொழியியலாளர் கே.ஏ. ஜெயசீலன் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் வாயில் நாள்தோறும் புழங்கும் இரண்டு சிறு ஒலிகளுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதை முதலில் உணர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

ஆனால் இதை வைத்துத் ‘தமிழே கணினிக்கு ஏற்ற மொழி’ என்று மேடையில் முழங்க நான் வரவில்லை. 1985இல் நாசாவின் ஏம்ஸ் மையத்திலிருந்த ரிக் பிரிக்ஸ், வடமொழி இலக்கண அறிஞர்கள் வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் சொன்ன முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கருத்துள்ள கட்டுரை அது. அது பரவிப் பரவி, வடமொழிதான் கணினிக்குச் சிறந்தது என்று நாசாவே தீர்ப்பளித்ததாகக் கதை ஆகிவிட்டது. அந்தக் கதையைத் தமிழுக்கு மாற்றிச் சொன்னாலும் அது கதைதான். எந்த மொழியும் தானாகக் குறியீடு ஆகாது. தொல்காப்பியரே உம் என்ற சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறார். தருக்கத்துக்கு வேண்டியவை அவற்றில் இரண்டு. மற்ற ஆறையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினால்தான் வரையறுத்த தமிழ் பிறக்கும்.

எதிர்மறையில் இது எவ்வளவு தேவை என்று பாருங்கள். ‘தேரடி வீதியில் எல்லாக் கடைகளும் திறக்கவில்லை’ என்று ஒருவர் சொல்கிறார். ஒரு கடைகூடத் திறக்கவில்லையா? சில திறந்து, சில மூடியிருக்கின்றனவா? பேச்சில் குரலும் சூழலும் விடை தரும். தாளில் விடை இல்லை. இந்தச் சிக்கலை நம் இலக்கணிகள் பார்த்துவிட்டார்கள். முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருள் தரும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதி வகுக்கின்றன. எல்லாரும் வரவில்லை என்றால் சிலர் வந்தார்கள் என்ற பொருளும் உண்டு என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ‘எல்லாம்’ என்பதை மறுத்தால் ‘ஒன்றாவது அப்படி இல்லை’ என்றுதான் ஆகும், ‘ஒன்றும் அப்படி இல்லை’ என்று ஆகாது என்று இன்றைய தருக்கம் குறியில் எழுதுவதை அவர்கள் முற்று, எச்சம் என்ற இரண்டு சொற்களால் சொன்னார்கள்.

வரையறுத்த தமிழில் இதற்கு ஒரு முடிவு எடுக்க வேண்டும். என் பரிந்துரை இது: ‘எல்லா’ வரும் வாக்கியம் உடன்பாட்டிலேயே முடியட்டும். மறுக்க வேண்டுமானால் ‘ஒரு கடையும் திறக்கவில்லை’ என்றோ, ‘எல்லாக் கடைகளும் திறந்தன என்பது உண்மை அன்று’ என்றோ எழுதட்டும். சொல் கொஞ்சம் நீளும், ஐயம் போய்விடும்.

இன்னோர் இடத்தில் தமிழின் இயல்பே உதவுகிறது. ‘ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலைப் படித்தார்’ என்றால் எல்லோருக்கும் ஒரே நூலா, ஆளுக்கொரு நூலா? ஆங்கிலத்தை வரையறுத்த சூரிச் குழுவினர், முன்னால் வரும் சொல் பின்னால் வருவதை ஆளும் என்று விதி செய்தார்கள். ஆங்கிலத்தில் சொல்வரிசை இறுகியது. அதனால் ஒரு பொருளைச் சொல்லச் சில வேளை வாக்கியத்தையே திருகவேண்டி வருகிறது. நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ‘ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலைப் படித்தார்’ என்றால் ஆளுக்கொன்றாக இருக்கலாம். ‘ஒரு நூலை ஒவ்வொரு மாணவரும் படித்தார்’ என்றால் ஒரே நூல். வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியிருப்பதால் சொல் எங்கே நகர்ந்தாலும் அதன் வேலை மாறாது. கவிஞருக்குக் கிடைத்த இந்த உரிமையைத் தருக்கம் எழுதுபவரும் எடுத்துக்கொள்ளலாம்.

மறுபக்கம் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் மிதிலையில் கங்கேசர் எழுதிய தத்துவசிந்தாமணியிலிருந்து நவ்ய நியாயம் என்ற மரபு வளர்ந்தது. அவர்கள் குறியீடு எதையும் கையில் எடுக்கவில்லை. வடமொழியையே மிக நுட்பமாக வரையறுத்து எழுதினார்கள். நுட்பத்தில் அதற்கு ஈடு அரிது. ஆனால் தொகைச்சொல்லின் மேல் தொகைச்சொல் ஏறி, பல ஆண்டு குருவிடம் இருந்தவர் மட்டுமே படிக்கக்கூடிய நடையாக அது முடிந்தது. சொற்களால் எழுதிவிட்டால் மட்டும் எளிமை வந்துவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். கட்டுப்பாடு கூடக்கூட வாசகர் குறைவார். எங்கே நிறுத்துவது என்பதை இலக்கணம் சொல்லாது. யாருக்காக எழுதுகிறோம் என்பதுதான் சொல்லும்.

நான் யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய் என்று அப்போது அறிவித்தார்கள். தொடக்கத்தில் அறிவித்த தகுதிகளின் சாரம் இது: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருக்க வேண்டும். 5 ஏக்கருக்குக் குறைவான நன்செய் அல்லது 10 ஏக்கருக்குக் குறைவான புன்செய். ஆண்டு மின் நுகர்வு 3600 யூனிட்டுக்குக் குறைவு. மக்களுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையோடு நேரான தமிழில் எழுதிய விதிகள்தான். அந்த ‘அல்லது’ என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் மாவட்டத்தில் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நன்செய்யும் மேட்டில் கொஞ்சம் மானாவாரியும் ஒரே குடும்பத்துக்கு இருப்பது சாதாரணம். 4 ஏக்கர் நன்செய்யும் 12 ஏக்கர் புன்செய்யும் உள்ள குடும்பத்தை நினையுங்கள். தருக்கத்தின் ‘அல்லது’ இரண்டில் ஒன்று நிறைவேறினாலே நிறைவடையும். நன்செய் 5 ஏக்கருக்குள் இருக்கிறது, ஆகவே தகுதி உண்டு. ஆனால் எழுதியவர் கருதியது ‘இரண்டு வரம்புகளில் எதையும் தாண்டக் கூடாது’ என்பதாக இருக்கலாம்; அப்படியானால் தகுதி இல்லை. 4 ஏக்கர் நன்செய்யும் 8 ஏக்கர் புன்செய்யும் என்றால்? முதல் இரண்டு பொருளிலும் தகுதி உண்டு. மூன்றாவது பொருள் ஒன்றும் இருக்கிறது: 2 ஏக்கர் புன்செய் 1 ஏக்கர் நன்செய்க்குச் சமம் என்று கணக்கிட்டால் இது 8 ஏக்கர் நன்செய்க்கு ஈடு, தகுதி போய்விடும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மூன்றையும் மூன்று வேறு வாக்கியங்களாக எழுதலாம் என்று காட்டுவதே என் நோக்கம்.

‘நன்செய் 5 ஏக்கருக்குக் குறைவு, புன்செய் 10 ஏக்கருக்குக் குறைவு: இவற்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும்.’

‘நன்செய்யும் 5 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும், புன்செய்யும் 10 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.’

‘புன்செய்யின் பாதியை நன்செய்யோடு கூட்டினால் வருவது 5 ஏக்கருக்குக் குறைவாக இருக்க வேண்டும்.’

மூன்றும் தமிழ்தான். மூன்றையும் கிராம நிர்வாக அலுவலரும் படிப்பார், விண்ணப்பிக்கும் பெண்ணும் படிப்பார். கணினி நிரலாகவும் ஒரு சொல் மாறாமல் மாற்றலாம். விதியை எழுதுகிறவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். ஐயத்தை விண்ணப்பதாரரின் தலையில் இறக்கிவிட்டுப் போக முடியாது.

தமிழ்நாட்டில் 1956 முதல் ஆட்சிமொழிச் சட்டம் இருக்கிறது. தமிழில் ஆணை வருவதற்காகப் பாடுபட்டோம், வந்தது. தமிழில் வரும் ஆணைக்கு ஒரே பொருள் இருக்க வேண்டும் என்பது அடுத்த வேலை. இதைத் தமிழாசிரியர் மட்டும் செய்ய முடியாது, கணினி மாணவர் மட்டும் செய்ய முடியாது. நன்னூலின் இடையியலைப் பாடம் சொல்பவரும் நிரல் எழுதுபவரும் ஒரே மேசையில் அமர வேண்டும். உம், ஓ, ஆவது, ஏ, ஆல், அன்று, இல்லை ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, வரையறுத்த தமிழில் எந்தப் பொருளில் மட்டும் வரலாம் என்று முடிவு செய்ய வேண்டும். எண்ணிப் பாருங்கள், பட்டியல் சிறியதுதான். இந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் ஓர் அரசாணையை எடுத்துத் தொடங்கலாம்.

கோவால்ஸ்கி குழுவின் குடியுரிமை நிரலில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று உண்டு. விடையோடு, அந்த விடை எந்த விதிகளின் வழியே வந்தது என்பதையும் அது சொல்லக்கூடியது. அது தமிழில் நடந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு வரும் பதில் இப்படி இருக்கும்: ‘மேற்கோள்: உங்களுக்குத் தகுதி இல்லை. ஏது: உங்கள் குடும்பத்தின் நன்செய் 5 ஏக்கருக்குக் குறைவாக இல்லை.’ விண்ணப்பித்த பெண்ணுக்கு உண்மையில் இருப்பது 3 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வாதி ஒப்புக்கொள்ளாத ஏதுவுக்கு மணிமேகலை அன்னியதராசித்தம் என்று பெயர் வைத்து, அதை ஏதுப்போலிகளில் சேர்த்திருக்கிறது. அந்தப் பெண் தம் மேல்முறையீட்டில் அந்தப் பெயரை எழுத வேண்டியதில்லை. ‘நீங்கள் சொன்ன ஏதுவை நான் ஒப்புக்கொள்ளவில்லை, என் சிட்டாவில் 3 ஏக்கர்தான் இருக்கிறது’ என்று எழுதிச் சிட்டா நகலை இணைத்தால் போதும்.